வால்வா, டிரான்சிஸ்டரா? கிட்டார் ஆம்ப் வாங்குமுன் ரசீதையும் யோசியுங்கள்

பினாங்குக்கு மின்கிட்டார் புதிதல்ல. 1960களின் பிற்பகுதியில் ஆறுமுகம் சகோதரர்கள் டேவிட்டும் லோகநாதனும் இங்கே உருவாக்கிய அல்லிகேட்ஸ் குழு, மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் பெயர் வாங்கியது. இன்று ஆயர் ஈத்தாமின் ஃபார்லிம், பாயா தெருபோங் பக்கத்து அடுக்குமாடிகளில் கிட்டார் வாசிப்பவர்களின் கருவிகள் மாறியிருக்கின்றன. பலவகை ஆம்ப்களின் ஒலியைச் சில்லுக்குள் வைத்துத் தரும் மாடலர் ஒன்று காலடியில் கிடக்கிறது. அதிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையை ஸ்பீக்கர் பெட்டி அதிரும் அளவுக்குப் பெருக்க ஒரு பவர் ஆம்ப் வேண்டும். அதை வாங்கப் போகும்போதுதான் பழைய வழக்கு மறுபடி எழுகிறது: வால்வா, டிரான்சிஸ்டரா? இந்த வழக்கில் காதை மட்டுமே சாட்சியாக அழைப்பது நம் வழக்கம். ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கைமாறும்போது அது போதாது. பழுதானால் யார் பொறுப்பு, அதை எப்படி நிரூபிப்பது என்ற கேள்விகளும் வேண்டும். அவற்றையும் சேர்த்து எடைபோட்டால், அடுக்குமாடியில் குடியிருந்து மாடலர் வைத்து வாசிக்கும் பெரும்பாலோருக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப்தான் பொருத்தம் என்பது என் முடிவு.

முதலில் காதின் வாதத்தையே கேட்போம், அதில் உண்மை இருக்கிறது. வால்வு பவர் ஆம்பில் ஒலி ஸ்பீக்கரைச் சேருமுன் ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கடக்கிறது. ஸ்பீக்கரின் மின்தடை ஒவ்வொரு சுருதியிலும் ஏறி இறங்க, வால்வு ஆம்ப் அதற்கேற்ப வளைந்து கொடுக்கிறது. கீழ்ஸ்தாயியும் மேல்ஸ்தாயியும் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும். மேலும் அழுத்தினால் ஒலி முறியாமல் மெல்லக் குழைந்து சிதறும். ரசிகர்கள் கொண்டாடுவது இந்தக் குழைவைத்தான். ஆனால் அது கிடைக்க ஆம்பை அதன் எல்லைவரை ஓட்ட வேண்டும். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஒன்று ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல் ஒலி தரக்கூடியது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அந்த அளவு ஒலியை ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது. 50 வாட் வால்வு ஆம்ப் முழு வீச்சில் இன்னும் 17 டெசிபெல் கூட்டும். அடுத்த வீட்டுச் சுவர் நம் சுவராகவே இருக்கும் இடத்தில் அந்தக் குழைவை யாரும் கேட்கப் போவதில்லை. நிர்வாக அலுவலகத்துக்குப் போகும் புகாரைத்தான் கேட்பார்கள். மாடலர் வைத்திருப்பவருக்கு இன்னொன்றும் உண்டு. வால்வு பவர் ஆம்பின் குழைவையும் மாடலரே போலச்செய்து அனுப்புகிறது. அதை உண்மையான வால்வு வழியே மறுபடி அனுப்புவது, உப்புப் போட்ட குழம்பில் மீண்டும் உப்புப் போடுவதுதான். டிரான்சிஸ்டர் ஒலி உயிரற்றது என்போருக்கு வரலாறே பதில் சொல்லும்: 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 முழுக்க டிரான்சிஸ்டர், இன்றும் மேடைகளில் ஓடுகிறது. புளூஸ் மேதை பி. பி. கிங் நீண்டகாலம் வாசித்த லேப் சீரிஸ் எல்5 ஆம்பும் டிரான்சிஸ்டர்தான்.

இனி பழுதுக்கு வருவோம். என் வாதத்தின் கனம் இங்கேதான். வால்வு ஒரு தேயும் பொருள். கார் டயரைப் போல ஓட ஓடக் குறையும் என்பதால், ஆம்புக்கு ஓரிரு ஆண்டு உத்தரவாதம் தரும் நிறுவனங்களில் பலவும் வால்வுக்கு மட்டும் 90 நாளில் நிறுத்திக்கொள்கின்றன. அதோடு, ஸ்பீக்கர் வயர் கழன்ற நிலையில் வால்வு ஆம்பைப் பலமாக ஓட்டினால், போக இடமில்லாத மின்னழுத்தம் திரும்பிப் பாய்ந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை எரித்துவிடலாம். மேடைக்கு மேடை தூக்கிச் சென்றாலும் வால்வுகள் குலுங்கிக் கெடும். ஆறாம் மாதத்தில் ஒரு வால்வு ஆம்ப் செத்துப்போனால், அது தயாரிப்புக் குறையா, இயல்பான தேய்மானமா, உங்கள் கவனக்குறைவா என்று பிரித்துக் காட்டுவது கடினம். கடைக்காரர் மூன்றாவதைச் சொல்வார். சட்டம் பயனீட்டாளரைக் குறையுள்ள பொருளிலிருந்துதான் காக்கும். தேய்மானத்திலிருந்தும் தவறான பயன்பாட்டிலிருந்தும் காக்காது. டிரான்சிஸ்டர் ஆம்பில் இந்தக் குழப்பம் குறைவு. அதில் இயல்பாகத் தேய்ந்து மாற்ற வேண்டிய பாகம் ஏறக்குறைய இல்லை. ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினாலும் பொதுவாகத் தாங்கும். அனுமதித்ததைவிடக் குறைந்த மின்தடை (ஓம்) கொண்ட ஸ்பீக்கர் பெட்டியை மாட்டியதுதான் பெரும்பாலும் உங்கள் தவறாக இருக்க முடியும். அதைப் பின்பலகையில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிடலாம்.

டிரான்சிஸ்டர் பக்கம் கண்ணி இல்லை என்று சொல்லவில்லை. கண்ணி வாட் எண்ணில் இருக்கிறது. பெட்டியின்மேல் 200 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் 4 ஓமுக்கு. உங்களிடம் இருப்பது 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் கிடைப்பது சுமார் பாதிதான். வாட் பாதியானால் ஒலி 3 டெசிபெல்தான் குறையும் என்பதால் காதுக்குப் பெரிய இழப்பில்லை. ஆனால் கண நேர உச்ச அளவைத் தொடர் அளவு போலக் காட்டி விற்பது வேறு கதை. எத்தனை ஓமில், தொடர்ந்து எத்தனை வாட் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எழுத்து ஏன் முக்கியம் என்பதற்கு விடை, மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. வாங்குபவர் இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று தெரிவித்திருந்தால் அந்தக் காரியத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 33. விற்கும்போது சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 34. பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பது 37. கிடைக்காது என்று விற்குமுன்பே அறிவித்திருந்தால் மட்டும் இந்தக் கடைசி உரிமை போய்விடும். இவற்றுள் ஆம்ப் வாங்குபவருக்குக் கூர்மையான ஆயுதம் 33. “8 ஓம் பெட்டி ஒன்று, இன்ன மாடலர், வீட்டிலும் மண்டபத்திலும் வாசிக்க” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, “இது சரியாக இருக்கும்” என்ற பதிலைச் சேமித்து வைத்தால், பின்னாளில் அதுவே சாட்சி. கடைச் சுவரில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று எழுதி ஒட்டியிருக்கலாம். இந்த உரிமைகளை ஒப்பந்தத்தால் விலக்க முடியாது என்கிறது அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு. மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது. குறைக்காகக் கொடுக்க முடியும். சரிசெய்யக்கூடிய குறையானால் முதலில் கடைக்காரருக்கு வாய்ப்புத் தர வேண்டும். அவர் நியாயமான காலத்தில் செய்யாவிட்டாலோ, குறை அடிப்படையானதாக இருந்தாலோ, பொருளை மறுத்துப் பணத்தைக் கேட்கலாம். மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு மறுத்தால் அந்த உரிமை நழுவக்கூடும்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் வரும். வால்வு ஆம்பை எந்தக் காலத்திலும் திறந்து, சாலிடரிங் தெரிந்த ஒருவரால் சரிசெய்ய முடியும். இன்றைய டி-வகுப்பு டிரான்சிஸ்டர் ஆம்போ நகத்தளவு பாகங்கள் ஒட்டிய பலகை, செத்தால் குப்பைதான். இது பெருமளவு உண்மை. ஆனால் பழுதுபார்க்கலாம் என்பதும் பாகம் கிடைக்கும் என்பதும் வேறு வேறு. உலகில் வால்வு செய்யும் பெரிய ஆலைகள் ரஷ்யாவின் சராதவ், ஸ்லோவாக்கியா, சீனா என்று ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது, சராதவில் உருவாகும் பல பிராண்டு வால்வுகளும் ஒரே நாளில் கேள்விக்குறியாயின, விலை ஏறியது. பிறகு வரத்து மீண்டது உண்மை. ஆனாலும் அந்த மாதம் ஒரு பாடம்தான். டிரான்சிஸ்டர் வாங்குபவர் செய்ய வேண்டியது, மலேசியாவில் அதிகாரபூர்வ விநியோகஸ்தர் உள்ள பிராண்டைத் தேர்ந்து, பலகை செத்தால் மாற்றுப் பலகை தருவீர்களா என்று முன்கூட்டியே கேட்பது.

உயிர் ஆபத்தில் மட்டும் இரண்டு தரப்புக்கும் ஒரே எச்சரிக்கை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட், ஜப்பானியது 100. மலிவாகக் கிடைத்தது என்று வெளிநாட்டுச் சரக்கை வாங்கி அப்படியே செருகினால் முதல் நொடியிலேயே எரியலாம். எரியாதபடி மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி வைத்தாலும், அதன் வழியாகவோ இருமுனை அடாப்டர் வழியாகவோ எர்த் இணைப்பு அறுந்துபோகலாம். இரைச்சல் நிற்கட்டும் என்று எர்த் கம்பியை வேண்டுமென்றே வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். 1972இல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். 1976இல் யார்ட்பர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் தம் வீட்டிலேயே மின்கிட்டாரால் உயிரிழந்தார். கிட்டார் கம்பி, உங்கள் விரல், ஆம்பின் சட்டகம் மூன்றும் ஒரே மின்பாதையில் இருப்பதை மறக்கக் கூடாது. வால்வு ஆம்புக்குக் கூடுதல் அபாயமும் உண்டு: உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். இணையக் காணொளி பார்த்துத் திறக்காதீர்கள்.

பழைய பொருள் வாங்குபவருக்கு ஒரு வார்த்தை. சட்டம் பிடிப்பது வாணிபமாக விற்பவரை. தன் பழைய ஆம்பை ஒருமுறை விற்கும் தனிமனிதர்மீது இந்தக் காப்பு செல்லாது. அங்கே கண்ணும் காதும்தான் துணை. திருமண மண்டபங்களில் சம்பளத்துக்கு வாசிப்பவர்களும் கவனிக்க வேண்டும். தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்கு வழக்கமாக வாங்கும் பொருளுக்கே இந்தச் சட்டம் என்பதால், இது தொழிற்கருவி என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும்.

கடைக்காரர் மறுத்தால், நாளும் குறையும் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1969 முதல் பயனீட்டாளர்களுக்கு உதவும் வேலையைச் செய்கிறது. தமிழில் பேசியே வழிகேட்கலாம். அதற்கும் அசையாவிட்டால் பயனீட்டாளர் கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பிரச்சினை எழுந்து 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வாதிட இடமில்லை என்பதால், கடைக்காரரும் நீங்களும் சமமாகவே நிற்பீர்கள். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். ரசீது, உத்தரவாத அட்டை, அந்த வாட்ஸ்அப் உரையாடல், பின்பலகையின் படம் ஆகியவற்றை இன்றே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மனுவுக்கான கட்டணம் 5 ரிங்கிட்.