வீட்டுல சிக்னல் இல்லையா? ரெண்டாவது சிம் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

பர்சனல் ஃபைனான்ஸ் பேசுற இடத்துல வைஃபை காலிங் பத்தி என்ன பேச்சுன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. ஒரு கிளையன்ட் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஐடி கம்பெனில வேலை, வயசு 26, பெருங்குடியில கிரவுண்ட் ஃப்ளோர் வாடகை வீடு. அந்த வருஷம் ரிட்டர்ன் தாக்கல் பண்ண கெடு ஜூலை 31. கடைசி நாள் ராத்திரி பதினோரு மணிக்குத் தானே உக்காந்து ஃபைல் பண்ணிட்டார். அடுத்து இ-வெரிஃபை பண்ணணும், அதுக்கு ஆதார் ஓடிபி வரணும். வீட்டுக்குள்ள சிக்னல் ஒரு கோடுதான். ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தார், வரல. காலையில மொட்டை மாடிக்குப் போய் பண்ணிக்கலாம்னு படுத்துட்டார். அப்புறம் மறந்தே போச்சு. செப்டம்பர் நடுவுலதான் எனக்குப் போன் பண்ணி, "சார், ரீஃபண்ட் இன்னும் வரலையே" அப்படின்னார்.

ரிட்டர்ன் போட்ட பிறகு வெரிஃபை பண்ண 30 நாள் டைம் இருக்கு. அதுக்குள்ள பண்ணிட்டா ஃபைல் பண்ண தேதியே கணக்கு. 30 நாள் தாண்டிட்டா, எந்தத் தேதியில வெரிஃபை பண்றீங்களோ அதுதான் தாக்கல் தேதி. அதாவது ஜூலை 31-ல போட்ட ரிட்டர்ன் செப்டம்பர்ல போட்ட மாதிரி ஆயிடும். தாமதக் கட்டணம் ₹5,000. மொத்த வருமானம் ₹5 லட்சத்துக்குள்ள இருந்தா ₹1,000. அதோட நிக்கல. இவர் பழைய ரெஜிம்ல 80சி, வீட்டு வாடகைப்படி எல்லாம் காட்டியிருந்தார். சம்பளக்காரங்க பழைய ரெஜிம் எடுக்கணும்னா கெடுவுக்குள்ள தாக்கல் பண்ணியிருக்கணும். லேட் ஆனா புது ரெஜிம்தான், அந்தக் கழிவெல்லாம் கிடையாது. ரீஃபண்ட் எதிர்பார்த்த மனுஷன் கையில இருந்து கட்டவேண்டிய நிலைமை.

இத்தனைக்கும் அவர் வீட்டுல 100 எம்பிபிஎஸ் ஃபைபர் கனெக்‌ஷன் இருந்தது. போன்ல ஒரே ஒரு பட்டன் ஆஃப்ல கிடந்தது. அந்தப் பட்டனைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

வைஃபை காலிங்னா வாட்ஸ்அப் கால் இல்ல. முதல்ல இந்தக் குழப்பத்தைத் தீர்த்துடலாம். வாட்ஸ்அப்ல ரெண்டு பக்கமும் ஆப் வேணும், இன்டர்நெட் வேணும். வைஃபை காலிங்ல நீங்க வழக்கமான டயலர்லதான் கால் பண்றீங்க, எதிர்ல இருக்கறவர் பட்டன் போன் வச்சிருந்தாலும் போகும், உங்க நம்பர்தான் அவருக்குத் தெரியும். டவர் செய்யற வேலையை உங்க வீட்டு ரவுட்டர் செய்யுது, அவ்வளவுதான். போன் வைஃபை வழியா இன்டர்நெட்டுக்குப் போய், உங்க சிம் கம்பெனியோட ஒரு கேட்வே வரைக்கும் பூட்டு போட்ட ஒரு குழாய் மாதிரி பாதை அமைச்சுக்குது. சிம்முக்குள்ள இருக்கற ரகசியச் சாவியை வச்சு, இது நிஜமா நம்ம கஸ்டமர்தானான்னு அந்த கேட்வே சரிபார்க்கும். அதுக்கு அப்புறம் கால், எஸ்எம்எஸ் எல்லாம் கம்பெனியோட 4ஜி வாய்ஸ் சிஸ்டத்துக்கே போய்ச் சேரும். அந்த சிஸ்டமே ஒரு இன்டர்நெட் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரிதான்.

ஐடியா புதுசு இல்ல. 2005-லயே பிரிட்டன்ல பிடி கம்பெனி 'ஃபியூஷன்'னு ஒரு சர்வீஸ் கொண்டுவந்தது. வீட்டுக்குள்ள வந்ததும் மொபைல் ப்ளூடூத் மூலமா பிராட்பேண்ட் பெட்டியோட சேர்ந்துக்கும், வெளிய போனா டவருக்கு மாறிடும். அதுக்குன்னே தனி போன் வாங்கணும், அதனால பெருசா ஓடல. இப்ப அந்த வசதி கிட்டத்தட்ட எல்லா போன்லயும் உள்ளேயே வருது. இந்தியாவுல ஏர்டெல் 2019 டிசம்பர்ல ஆரம்பிச்சது, ஜியோ 2020 ஜனவரில, வோடஃபோன் ஐடியா 2020 கடைசில.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். வீட்டுல சிக்னல் இல்லைன்னா நம்ம ஆட்கள் பொதுவா மூணுல ஒண்ணு பண்றாங்க.

முதல் வழி, ரெண்டாவது சிம். 28 நாள் பேக் ₹199-னு வச்சுக்குவோம். மாசம் ₹199 தானேன்னு தோணும். ஆனா 28 நாள் மாசம் வருஷத்துக்கு 13 வரும். 13 × 199 = ₹2,587. வீட்டுக்குள்ள மட்டும் பேசறதுக்கு இவ்வளவு. அதுலயும் பேங்க்லயும் ஆதார்லயும் இருக்கறது பழைய நம்பர்தான், ஓடிபி அங்கதான் வரும். பிரச்சனை அப்படியே இருக்கு.

ரெண்டாவது வழி, நம்பரை வேற கம்பெனிக்கு போர்ட் பண்றது. அந்தத் தெருவுல எது நல்லா எடுக்குதுன்னு தெரிஞ்சு பண்ணா தப்பில்ல. ஆனா 11 மாச அக்ரிமென்ட் முடிஞ்சு வேற ஏரியாவுக்கு வீடு மாத்துவீங்க, அங்க கதை வேற.

மூணாவது, ஆன்லைன்ல விக்கிற சிக்னல் பூஸ்டர். இதைத் தயவுசெஞ்சு வாங்காதீங்க. உரிமம் இல்லாம மொபைல் ரிப்பீட்டர் வைக்கிறது இந்தியாவுல சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாருக்கும் நெட்வொர்க்கைக் கெடுக்கும், புகார் வந்தா ஆள் தேடி வருவாங்க. கார்ட்டுல போட முடியுதுங்கறதால அது சட்டப்படி சரின்னு ஆயிடாது.

வைஃபை காலிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. வீட்டு வைஃபைல இருந்து இந்தியாவுக்குள்ள பேசறது உங்க பிளான்ல இருக்கற அன்லிமிடெட் கால்லயே அடங்கும். டேட்டா எவ்வளவு இழுக்கும்? தாராளமா நிமிஷத்துக்கு 1 எம்பின்னு வச்சுக்குங்க. தினம் ஒரு மணி நேரம் பேசினாலும் 60 எம்பி, மாசத்துக்கு 1.8 ஜிபி. வீட்டு ஃபைபர் பிளான்ல அது தூசி. ஒரு விஷயம் மட்டும் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க: வைஃபை இருக்கேன்னு ரீசார்ஜ் பண்ணாம இருக்க முடியாது. பேக் வேலிடிட்டி முடிஞ்சா வைஃபை காலும் முடிஞ்சது.

ஆன் பண்றது எப்படி? ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் திறந்து மேல தேடல்ல 'வைஃபை காலிங்'னு டைப் பண்ணுங்க, மெனு ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு இடத்துல ஒளிஞ்சிருக்கும். ஐபோன்லயும் அதே மாதிரி தேடினா வந்துடும். ரெண்டு சிம் இருந்தா ரெண்டுக்கும் தனித்தனியா ஆன் பண்ணணும். இதுக்கு எந்த ஆப்பும் இறக்க வேண்டாம், யாருக்கும் ஓடிபி சொல்ல வேண்டாம். "சார், உங்க நம்பருக்கு வைஃபை காலிங் ஆக்டிவேட் பண்றோம், வந்த கோட் சொல்லுங்க"ன்னு யாராவது கூப்பிட்டா அது மோசடி. போனை வச்சுடுங்க.

ஆன் பண்ணதும் ஒரு டெஸ்ட் பண்ணியே ஆகணும். போனை ஃபிளைட் மோட்ல போடுங்க. டவர் முழுசா கட். இப்ப வைஃபை மட்டும் ஆன் பண்ணுங்க. கொஞ்ச நேரத்துல மேல சிக்னல் இடத்துல வைஃபை காலிங் அடையாளம் வரும். அம்மாவுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்க. அது போனா, அடுத்து பேங்க் ஆப்லயோ ஆதார் சைட்லயோ ஒரு ஓடிபி கேட்டுப் பாருங்க. அதுவும் வந்தாத்தான் டெஸ்ட் பாஸ். சில போன், சில சிம் சேர்க்கையில கால் போகும், எஸ்எம்எஸ் மட்டும் மாட்டிக்கும். அதை ஜூலை 31 ராத்திரி கண்டுபிடிக்கக் கூடாது.

இந்த ஃபிளைட் மோட் வித்தை தினசரியும் உதவும். சிக்னல் சுத்தமா இல்லாத வீட்டைவிட ஒரே ஒரு கோடு இருக்கற வீடுதான் பெரிய தொல்லை. போன் அந்த ஒரு கோட்டையே பிடிச்சுத் தொங்கிட்டிருக்கும், வைஃபைக்கு மாறாது. கால் வந்தா கரகரன்னு கட் ஆகும். அப்ப ஃபிளைட் மோட் போட்டு வைஃபை ஆன் பண்ணா வேற வழியில்லாம மாறிடும். சில ஆண்ட்ராய்டு போன்ல 'வைஃபைக்கு முன்னுரிமை'ன்னு ஒரு ஆப்ஷனும் இருக்கு, இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க.

ஆபீஸ் வைஃபைல வேலை செய்யலைன்னா போன் மேல சந்தேகப்படாதீங்க. அந்தக் குழாய் யுடிபி 500, 4500-ங்கற ரெண்டு போர்ட் வழியா போகுது, நிறைய கம்பெனி ஃபயர்வால் அதை அடைச்சு வச்சிருக்கும். ஐடி டீம்ல இருக்கற நண்பர்கிட்ட இந்த ரெண்டு நம்பரைச் சொன்னா போதும், அவருக்குப் புரியும்.

இன்னொரு வசதிக்கும் நீங்க ஏற்கெனவே காசு கட்டிட்டு இருக்கலாம். வீட்டு ஃபைபர் பிளான்கள் பலதுல லேண்ட்லைன் நம்பர் ஒண்ணு இலவசமா வரும். அது பழைய செம்புக் கம்பி போன் இல்ல, இன்டர்நெட் வழியா ஓடுற போன். ரவுட்டர் பின்னாடி சின்னதா ஒரு போன் ஓட்டை இருக்கும், சாதாரண டெலிபோனைச் செருகினா வேலை செய்யும். ஜியோஃபைபர்ல டெலிபோன்கூட வாங்க வேண்டாம், ஜியோஜாயின் ஆப் போட்டா வீட்டு வைஃபைல இருக்கற மொபைலே அந்த லேண்ட்லைனுக்கு எக்ஸ்டென்ஷன் ஆயிடும். உங்க சிம் வேற கம்பெனியா இருந்தாலும் பரவாயில்ல. அதுல கால் பண்ணா எதிர்ல லேண்ட்லைன் நம்பர்தான் தெரியும். ஓடிபிக்கு இது உதவாது. ஆனா வீட்டு புரோக்கர், பழைய பைக் வாங்க வர்றவங்க, இன்சூரன்ஸ் விக்கிறவங்க இவங்களுக்கெல்லாம் கொடுக்க நான் இதைத்தான் பயன்படுத்தறேன். மொபைல் நம்பர் நிம்மதியா இருக்கு.

பில் பத்தி ரெண்டு வரி. மொபைல் ப்ரீபெய்ட் விலையில ஜிஎஸ்டி உள்ளேயே இருக்கும். பிராட்பேண்ட் விளம்பர விலைக்கு மேல 18% தனி. ₹399-னு போட்டிருந்தா கட்டறது ₹471. உங்க கம்பெனியில போன், இன்டர்நெட் ரீஇம்பர்ஸ்மென்ட் இருந்தா, வேலைக்காகப் பயன்படுற அளவுக்கு அந்தத் தொகைக்கு வரி வராது. பில் உங்க பேர்ல இருக்கணும். ஹவுஸ் ஓனர் பேர்ல இருக்கற கனெக்‌ஷனுக்கு மாசாமாசம் ஜிபேல பாதிப் பணம் அனுப்பிட்டு எங்கிட்ட ஸ்க்ரீன்ஷாட் காட்டாதீங்க.

இதுல இருக்கற பெரிய ஓட்டை கரன்ட். கரன்ட் போனா ரவுட்டர் போச்சு, ரவுட்டர் போனா வைஃபை காலும் லேண்ட்லைனும் சேர்ந்து போச்சு. வயசான அப்பா அம்மா தனியா இருக்கற வீட்டுல இதை மட்டும் நம்பி இருக்காதீங்க. ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு ரவுட்டர் யூபிஎஸ் கிடைக்குது, ரெண்டாவது சிம்முக்குப் போற காசை அதுல போடலாம். அவசரத்துக்கு 112 கூப்பிடும்போது வாயால முழு முகவரியும் சொல்லச் சொல்லுங்க. வைஃபை வழியா போற கால்ல டவரை வச்சு இடம் கண்டுபிடிக்க முடியாது.

வெளிநாட்டுக்கு ஆன்சைட் போறவங்க, இந்திய சிம்மை ஹோட்டல் வைஃபைல போட்டா எல்லாம் ஃப்ரீன்னு நினைச்சுக்காதீங்க. ரோமிங்ல வைஃபை காலுக்கு என்ன ரேட்டுங்கறது கம்பெனிக்குக் கம்பெனி வேற. ஏர்போர்ட் போறதுக்கு முன்னாடி கஸ்டமர் கேர்ல கேட்டுட்டுப் போங்க.

ஓடிபி கடைசிவரைக்கும் வரலைன்னாலும் இ-வெரிஃபை பண்ண வேற வழி இருக்கு. நெட் பேங்கிங் வழியா உள்ள போய்ப் பண்ணலாம், அல்லது ஐடிஆர்-வி ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு 30 நாளுக்குள்ள பெங்களூரு சிபிசிக்குப் போய்ச் சேர்ற மாதிரி ஸ்பீட் போஸ்ட் பண்ணலாம்.

பெருங்குடி கிளையன்ட்டுக்கு அந்த வருஷம் ஒண்ணும் பண்ண முடியல, ₹5,000 கட்டினார், புது ரெஜிம்ல வந்த கூடுதல் வரியும் கட்டினார். அடுத்த வருஷம் ஜூன் 20-ஆம் தேதியே ஃபைல் பண்ணி, அதே கிரவுண்ட் ஃப்ளோர்ல உக்காந்து வெரிஃபை பண்ணிட்டு எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். மேல மூலையில ஃபிளைட் மோட் அடையாளம், பக்கத்துலயே வைஃபை.