மேஸ்திரி ஆர்.என்.ஏ.யும் மஞ்சள் நீரும்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு டேனரிக்குள் நுழைந்தால், பெரிய மரப் பீப்பாய்கள் மெல்லச் சுழன்று கொண்டிருப்பதைக் காணலாம். உள்ளே ஆட்டுத் தோல்கள் குரோமிய உப்புக் கரைசலில் புரள்கின்றன. வெளியே வரும் தோல் இளநீலமாக இருக்கும். ‘வெட் புளூ’ என்று அதற்குப் பெயர். ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக் கணக்கில் ஊறப்போட்டு வந்த சென்னை மாகாணத்துக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்த முறை இது.

இந்த உப்பிலுள்ள குரோமியத்தின் இணைதிறன் மூன்று. சாதுவான பிறவி. ஆனால் தாதுவிலிருந்து இந்த உப்பைத் தயாரிக்கும் வழியில் அதன் அண்ணன் குறுக்கிடுகிறான். அவன் இணைதிறன் ஆறு, நிறம் மஞ்சள், குணம் கொடியது. அவனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் உறுதியாக வகைப்படுத்தியது. குரோமேட் தொழிற்சாலைகளில் அவன் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்று மிகுதி என்பது 1948லேயே அமெரிக்கக் கணக்கெடுப்பில் தெரிந்துவிட்டது.

நம் பக்கத்தில் அவன் இருப்பிடம் இராணிப்பேட்டை. டேனரிகளுக்கு வேண்டிய குரோமிய இரசாயனங்களைச் செய்து வந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1995இல் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு அங்கேயே மேடாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடியில் இறங்கியது. உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று 2006இல் நியூயார்க் நிறுவனம் ஒன்று வெளியிட்ட பட்டியலில் இராணிப்பேட்டையும் இருந்தது.

சரி, இந்த அண்ணன் உயிரணுவுக்குள் எப்படி நுழைகிறான்? வேஷம் போட்டுத்தான்! உயிரணுவுக்குக் கந்தகம் தேவை. எனவே சல்ஃபேட் அயனிக்கென்று வாசல் வைத்திருக்கிறது. குரோமேட் அயனியும் அதே நான்முகி வடிவம். காவலாளி ஏமாந்து உள்ளே விடுகிறான். தம்பிக்கு அந்த வடிவம் இல்லாததால் அவனுக்கு நுழைவது கடினம். உள்ளே போன அண்ணனோ வைட்டமின் சி போன்ற பொருள்களிடமிருந்து எலக்ட்ரான்களைப் பெற்று, மூன்று இணைதிறனுக்கு இறங்கி, டி.என்.ஏ.யோடு ஒட்டிக்கொள்கிறான். வெளியே சாதுவாக இருந்த அதே வடிவம் உள்ளே கலகம் செய்கிறது.

டி.என்.ஏ.யில் எழுத்துப் பிழை விழுவதால் புற்று வருகிறது என்று படித்திருப்பீர்கள். அது மெய்தான், ஆனால் முழுக் கதையல்ல. மனித டி.என்.ஏ.யில் ஏறக்குறைய 300 கோடி எழுத்து இணைகள் உள்ளன. புரதம் செய்யச் சொல்லும் பகுதி அதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியைக் குப்பை என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் ஒதுக்கினார்கள் (அவசரப்பட்டு விட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்). அந்தக் ‘குப்பை’யிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ. இழைகள் படியெடுக்கப்படுகின்றன. அவற்றுள் 200 எழுத்துகளுக்கு மேல் நீளமாக இருந்தும் எந்தப் புரதத்துக்கும் குறிப்புத் தராதவற்றை, குறியிடா நீள் ஆர்.என்.ஏ. என்கிறோம்.

புரதம் செய்யாவிட்டால் இவற்றுக்கு என்ன வேலை? டேனரி மேஸ்திரியைப் பாருங்கள். அவர் பீப்பாயில் கை வைப்பதில்லை. எதை ஓட்டு, எதை நிறுத்து என்று சொல்லுகிறார். இவற்றில் பலவும் அப்படித்தான். எடுத்துக்காட்டாக, ‘ஹோட்டேர்’ என்பது சில புரதங்களைக் கூட்டிச் சென்று குறிப்பிட்ட ஜீன்களை வாயடைக்கச் செய்கிறது. மார்பகப் புற்றில் இது அளவு மீறினால் நோய் பரவுவது மிகும் என்று 2010இல் கண்டார்கள். ‘மெக்-3’ நேர் எதிர்; கட்டுமீறும் உயிரணுக்களை அடக்கும் பி-53 என்ற புரதத்துக்குத் துணை நிற்பது. பல புற்றுகளில் அதைக் காணோம்.

நுரையீரலுக்கு நெருங்கிய மேஸ்திரி ‘மாலட்-1’. சுமார் 8,000 எழுத்து நீளம். தொடக்க நிலை நுரையீரல் புற்றுக் கட்டிகளை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2003இல் ஒப்பிட்டபோது, பின்னர் உடலெங்கும் பரவிய கட்டிகளில் இது அதிகமாக இருந்தது. இதை நீக்கிய புற்றணுக்கள் எலியின் உடலில் அவ்வளவாகப் பரவவில்லை. ஆனால் 2018இல் எலிகளின் மார்பகப் புற்றில் செய்த சோதனையில் இதே மாலட்-1 பரவலைத் தடுத்தது! உறுப்புக்கு உறுப்பு மேஸ்திரியின் உத்தரவு மாறுகிறது போலும்.

இனி இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம். மனித நுரையீரல் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, மஞ்சள் குரோமியத்தைச் சிறிது சிறிதாகப் பல வாரங்கள் கொடுத்தால் அவை புற்றணுக்களின் குணத்தைப் பெறுகின்றன. சில நீள் ஆர்.என்.ஏ.க்களின் அளவும் மாறிவிடுகிறது. எழுத்தும் கெடுகிறது, மேஸ்திரியும் மாறுகிறார். இது கலத்தில் கண்டது. இராணிப்பேட்டையில் ஒருவருக்கு வந்த புற்றை இதற்கு ஆதாரமாகக் காட்டிவிட முடியாது. புகையிலைக்கும் அதில் பங்கிருக்கலாம் அல்லவா?

நீள் ஆர்.என்.ஏ.யை நோயறியப் பயன்படுத்துவது வெறும் கனவல்ல. ‘பி.சி.ஏ.-3’ என்பதைச் சிறுநீரில் அளந்து புராஸ்டேட் புற்றை ஆராயும் சோதனைக்கு அமெரிக்கா 2012இல் அனுமதி தந்தது. குரோமியத்தின் கைவரிசையை இரத்தத்தில் முன்கூட்டியே காட்டும் அத்தகைய சோதனை இன்னும் வரவில்லை. இன்றைக்குக் கைவசம் இருப்பது கிணற்று நீர்ச் சோதனைதான். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர அளவு. அமிலம் சேர்த்த நீரில் டைஃபீனைல் கார்பசைடு கரைசலை விட்டால், அண்ணன் இருக்குமிடத்தில் செவ்வூதா நிறம் தோன்றும். தம்பி மட்டும் இருந்தால் நிறம் தோன்றாது.