29 ஆண்டுகள் அணையாத செபம்

நேர்மையற்ற நடுவரிடம் ஓயாது சென்று நீதி கேட்ட கைம்பெண்ணை, இடைவிடாத செபத்திற்கு எடுத்துக்காட்டாக இயேசு நம்முன் நிறுத்துகின்றார் (லூக்கா 18:1-8). அவள் கேட்டது கிடைத்தது. ஆனால், ஆண்டுக்கணக்கில் மன்றாடியும் விடை காணாதோர் நம்மிடையே பலர் உளர். காணாமற்போன பிள்ளைக்காக இன்றும் செபமாலை சொல்லும் தாயிடம் இவ்வுவமையை எவ்வாறு எடுத்துரைப்பது? நம் மண்ணின் வரலாறு நமக்கு ஒளி தருகின்றது.

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் பறிக்கப்பட்டன, குருவுக்கு அடைக்கலம் அளித்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. வீட்டினுள் சொல்லப்பட்ட செபமே எஞ்சியது. குரு ஒருவர் வரமாட்டாரா என்று ஏங்கிய முதியோர் பலர் அந்நாளைக் காணாமலே கண்மூடினர்.

1687ஆம் ஆண்டு கோவா நாட்டுக் குருவான யோசேப் வாஸ் அடிகளார், ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். "நீங்கள் கத்தோலிக்கரா?" என்று வெளிப்படையாகக் கேட்க முடியாத காலம் அது. எனவே கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகச் சென்று பிச்சை கேட்டார். அம்மாலையை இனங்கண்டுகொண்டோர் வழியாகவே தம் மந்தையைக் கண்டடைந்தார். பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று.

அன்பார்ந்தவர்களே, சற்றுச் சிந்தியுங்கள். 1658இல் பிறந்த குழந்தை, 29 வயதுவரை குருவின் முகத்தையே கண்டிராது. அத்தலைமுறை செபமாலையை எவ்வாறு அறிந்திருந்தது? விடை காணாது இறந்த பெற்றோர், அதைத் தம் பிள்ளைகளின் கையில் ஒப்படைத்துச் சென்றனர். அவ்வீடுகளில் செபம் நின்றுபோயிருந்தால், வாசலில் நின்றவர் வெறும் பிச்சைக்காரராகவே தோன்றியிருப்பார். இறைவன் அனுப்பிய விடை வாசலோடு திரும்பியிருக்கும்.

குரு வந்ததால் துன்பம் தீர்ந்துவிடவுமில்லை. 1689ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில் வழிபாட்டிற்குக் கூடியோர் கைதுசெய்யப்பட்டனர். சிலர் கசையடி பட்டனர். ஆயினும் விசுவாசம் அழியவில்லை.

ஆகவே, அந்தத் தாயிடம் நாளையே விடை வரும் என்று நாம் பொய்யுரைக்கலாகாது. அவளது மன்றாட்டு வீணன்று என்று உறுதியாகக் கூறலாம். அதனினும் மேலாக, மாலையில் அவள் வீடு சென்று அவளோடு முழந்தாளிடலாம்.

2015 ஜனவரி 14 அன்று, அன்றைய திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அவரை இனங்கண்டு வரவேற்ற தலைமுறையை வளர்த்த பெற்றோரின் பெயர்களை நாம் அறியோம், இறைவன் அறிவார். இன்று நமக்கு ஆலயமும் உண்டு, குருவும் உண்டு. தொலைக்காட்சியும் கைபேசியும் சற்றே ஓய, மாலைச் செபத்திற்காக நம் வீட்டார் ஒன்றுகூடட்டும். நம் பிள்ளைகளின் கையில் நாம் எதை ஒப்படைத்துச் செல்லப் போகின்றோம்?