மணிக்கட்டில் மலரும் ரோஜா

வடநாட்டில் வாழும் நம்மவர் சிலரது இல்லத் திருமணங்களில், சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு ஆகியவற்றோடு அத்தர்க் குப்பியும் இடம் பெறுவதுண்டு. எங்கள் மகளின் திருமணத்திற்காக நாங்களும் நகரக் கடை ஒன்றில் ரோஜா அத்தர் வாங்கினோம். மூடியைத் திறந்த அளவில் கடை முழுதும் கமழ்ந்தது, அதிலேயே மயங்கிவிட்டோம். முகூர்த்தம் முடியுமுன்பே மணம் மறைந்து, விருந்தினர் கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டுமே எஞ்சியது. சம்பந்திகள் ஒன்றும் சொல்லவில்லை. எனினும் எங்களுக்கு வெட்கமாயிற்று.

பின்னர் ஒரு முறை கன்னோஜ் சென்றபோதுதான் எங்கள் பிழை விளங்கிற்று. 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷவர்த்தனரின் தலைநகராக விளங்கிய இப்பழம்பதி, இன்று அத்தருக்கே பெயர் பெற்றது. அதிகாலையில் பறித்த ரோஜா மலர்களை 'தேக்' எனப்படும் செப்பு அண்டாவில் நீருடன் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, மெல்லிய தீயில் காய்ச்சுகின்றனர். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியே சென்று, தண்ணீர்த் தொட்டியில் அமர்ந்துள்ள 'பப்கா' என்னும் செப்புக் கலத்தில் குளிர்கிறது. அக்கலத்தில் முன்னரே ஊற்றப்பட்டுள்ள சந்தன எண்ணெய், மலரின் மணத்தைப் பற்றிக்கொள்கிறது. நாள்தோறும் புதுமலர் இட்டு இவ்வாறே பல நாள் வடிக்கின்றனர்.

அங்கிருந்த முதியவர் ஒருவர் எங்கள் மணிக்கட்டில் ஒரு துளி தடவி, "இப்போது விலை கேட்காதீர்கள், மாலையில் வாருங்கள்" என்றார்.

முதல் கால்மணி நேரம் ரோஜாவே முன்நின்றது; பச்சைத் தழையின் வாடையும் தேனின் இனிமையும் அதில் கலந்திருந்தன. சாராயம் கலவாத அத்தராதலால் மூக்கில் சுரீரென்று ஏறவில்லை. வெயிலில் நடக்க நடக்க, உடற்சூட்டில் அத்தழை வாடை விலகி, மலர் கனிந்தது. மூன்று மணி நேரத்திற்குப் பின் சந்தனம் மெல்லத் தலைகாட்டியது. நலங்கில் கையில் பூசிய சந்தனம் உலர்ந்து பொடியாய் உதிருமே, அந்த மென்மை! மாலையில் மலர் எது, மரம் எது எனப் பிரித்தறிய இயலவில்லை. குளிப்பாட்டிப் பவுடர் பூசிய குழந்தையை மார்போடு அணைத்தாற்போன்ற வெதுவெதுப்பே எஞ்சியது.

இதன் காரணம் எளியது. மலர் மணத்தின் இலேசான கூறுகள் விரைவில் ஆவியாகும். சந்தன எண்ணெயிலுள்ள சாந்தலால் கனமானது, மெதுவாகவே ஆவியாகும், மலரையும் உடன் நிறுத்தி வைக்கும். ஆனால் சந்தன எண்ணெய் இன்று கிலோ ஒரு லட்ச ரூபாய்க்கும் மேல் விற்கிறது. ஆகவே மலிவு அத்தர்கள் பலவற்றில் அதற்குப் பதிலாக மணமற்ற பாரஃபின் எண்ணெய் இடம் பெறுகிறது. குப்பியை முகர்ந்தால் வேறுபாடு தெரியாது. தோலில் சில மணி நேரம் சென்றபின் தெரிந்துவிடும்.

வாங்குவோர் நினைவிற் கொள்ள வேண்டியவை சில. ஒரு துளியைத் தோலில் இட்டு, அரைநாளாவது பொறுத்திருங்கள். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள். வறண்ட தோலில் மணம் விரைவில் அகலும். குளித்தபின் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நன்று. நம் மூக்கு விரைவில் பழகிப்போகும். மணம் போயிற்று என்று மேலும் பூசுமுன் அருகிலிருப்பவரைக் கேளுங்கள்.

சந்தனம் நம் ஜவ்வாது மலையிலும் மைசூர்க் காடுகளிலும் வளரும் மரம்; ரோஜாவோ கங்கைச் சமவெளியின் மலர். அன்று வாங்கிய சிறு குப்பியை, புக்ககம் சென்ற எங்கள் மகளுக்கு அனுப்பினோம். "மறுநாள் காலையிலும் புடவை மணக்கிறது, அப்பா; மாமியார் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்" என்று எழுதியிருந்தாள். திருமணத்தன்று பட்ட வெட்கம் அன்றுதான் எங்களை விட்டு நீங்கிற்று.