உருமாறித் தப்பிக்கும் கிருமி



மஞ்சள் காமாலைன்னா கண் மஞ்சளாகும், சோறு இறங்காதுன்னு நமக்குத் தெரியும். ஆனால் ஹெபடைடிஸ் 'சி' பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. ரத்தம் வழியாகப் புகுந்து, 20, 30 வருஷம் கல்லீரலை மெல்ல மெல்லக் கெடுக்கும். உடம்பில் எதிர்ப்பு சக்தி இருந்தும் இது எப்படித் தப்பிக்குது?

அயர்லாந்தில் நடந்தது

நெகட்டிவ் ரத்த வகை உள்ள தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 'ஆன்டி-டி' ஊசி போடுவார்கள். அயர்லாந்து நாட்டில் 1977-78-ல் போட்ட இந்த மருந்தில், ஒரே ஒருவர் தந்த ரத்தத்தின் வழியாக 'சி' கிருமி கலந்துவிட்டது. 1994-ல்தான் விஷயம் வெளியே வந்தது. பரிசோதித்ததில் 704 பெண்களுக்குக் கிருமி புகுந்த அடையாளம் இருந்தது. அவர்களில் 390 பேர் ரத்தத்தில் கிருமி அப்போதும் இருந்தது. மற்றவர்களின் உடம்பு அதைத் தானே விரட்டிவிட்டது. (இப்போது இந்த மருந்தைக் கிருமி நீக்கித்தான் தயாரிக்கிறார்கள். பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.)

சுமார் 20 வருஷம் கழித்து, 22 பெண்களிடம் இருந்த கிருமியை விஞ்ஞானிகள் ஒப்பிட்டார்கள். எல்லாம் ஓரிடத்திலிருந்து வந்த கிருமிதான். ஆனால் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி மாறியிருந்தது!

ஏன் மாறியது?

இந்தக் கிருமி தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும்போது நிறையப் பிழை விடும், திருத்திக்கொள்ளாது. நம் உடம்பின் வெள்ளை அணுக்களோ கிருமியின் சில அடையாளங்களைப் பார்த்துத்தான் தாக்கும். பிழையால் அடையாளம் மாறிய கிருமி தப்பித்து, அதுவே பெருகும். ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதற்குச் சாகாத பூச்சி வயல் முழுக்கப் பெருகுதே, அது மாதிரிதான். ஒவ்வொருவர் உடம்பும் வேறு வேறு அடையாளத்தைப் பார்ப்பதால், கிருமி மாறும் இடமும் வேறுபடும்.

நமக்கு என்ன பாடம்?

* மாறிக்கொண்டே இருப்பதால் 'சி'-க்கு இன்னும் தடுப்பூசி இல்லை. 'பி'-க்கு உண்டு.
* ஒருமுறை குணமானாலும் மறுபடி தொற்றலாம்.
* ஆனால் மாத்திரை உண்டு! கிருமி பெருகும் வேலையை இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் தடுப்பதால், மாறித் தப்பிப்பது கஷ்டம். பெரும்பாலும் 12 வாரம் சாப்பிட்டால் போதும், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகும். நடுவில் நிறுத்தக் கூடாது.

பல வருஷத்துக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சுத்தம் செய்யாத ஊசி போட்டுக்கொண்டவர்கள், பச்சை குத்திக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது, யாரையும் ஒதுக்காதீர்கள். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எங்கே போகணும்னு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள், சகோதரிகளே!