தண்ணீர் அணைக்காத தீ

ஊரிலிருந்து வரும் உறவினரை ஸ்ரீரங்கப்பட்டணம் அழைத்துச் செல்லும் அன்பர்கள், அங்குள்ள திப்பு காலத்து வெடிமருந்துக் கிடங்குகளையும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றை 2017-இல் இரட்டை ரயில் பாதைக்காக இடிக்காமல் அப்படியே நகர்த்தி வைத்தார்கள். அங்கே வைத்திருந்த கருமருந்து நனைந்தால் பற்றாது. இன்றைய இரசாயனத் தொழிற்சாலைகளில் இதற்கு நேர்மாறான சரக்குகள் உண்டு. சோடியம், மெக்னீசியம், டைட்டானியம் போன்ற உலோகங்கள் எரியும்போது தண்ணீர் ஊற்றினால் தீ பெருகும்.

காரணம் எளிது. எரியும் உலோகம் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, மிஞ்சும் ஹைட்ரஜன் வெடிக்கிறது. கார்பன் டை ஆக்சைடும் இந்தத் தீக்கு உதவாது. மெக்னீசியம் அதற்குள்ளேயே எரியும். நுரையிலோ தண்ணீர் இருக்கிறது.

இந்த ஆபத்தோடு அன்றாடம் பழகும் இடம் நம் கல்பாக்கம். 1985-இல் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலையில் வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியம்தான். அது காற்றைத் தொடாதபடி மேற்பரப்பில் ஆர்கான் வாயுவை நிரப்புகிறார்கள். சோடியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், குழாயையொட்டி மின்கம்பி வைத்திருக்கிறார்கள். கசிவு கம்பியைத் தொட்டதும் எச்சரிக்கை வந்துவிடும். இவ்வளவு இருந்தும் 2002 ஏப்ரலில் 75 கிலோ சோடியம் கசிந்தது.

ஜப்பானின் மோஞ்சு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று வெப்பமானியின் உறை ஒடிந்து, சுமார் 640 கிலோ சோடியம் வெளியேறி எரிந்தது. கதிர்வீச்சு பரவவில்லை. ஆயினும் உலை மீண்டும் இயங்க 2010 ஆயிற்று. 2016-இல் அதை நிரந்தரமாக மூட முடிவாயிற்று. ஒரு சிறு உறை செய்த வேலை இது!

மைசூர், நஞ்சன்கூடு, பெங்களூர் தொழிற்பேட்டைகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஷிப்டு பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை:

● உலோகச் சீவல், தூள் ஆகியவற்றை அன்றன்றே கூட்டி, மூடியுள்ள உலோகத் தொட்டியில் ஈரம் படாமல் வையுங்கள்.

● கசிவு தெரிந்தால் முதலில் வால்வை மூடி, வரத்தை நிறுத்துங்கள்.

● ‘டி’ வகுப்புத் தீக்கான உலர் பொடி எங்கே இருக்கிறது என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே கேட்டு வையுங்கள். சாதாரண தீயணைப்பான் இதற்குப் பயன்படாது.

● பொடியை வேகமாக அடிக்காமல், எரியும் உலோகம் சிதறாதபடி மெல்லத் தூவி மூடுங்கள்.

● அணைந்ததுபோல் தெரிந்தாலும் கிளறாதீர்கள்; உள்ளே சூடு இருக்கும், காற்றுப் பட்டதும் மறுபடி பற்றும்.

தீயைக் கண்டதும் பக்கெட்டை எடுப்பது நம் கைப்பழக்கம். உலோகத் தீயில் அந்தப் பழக்கமே உயிரைப் பறிக்கும். இன்றிரவு ஷிப்டுக்குக் கிளம்பும் பிள்ளையிடம் இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.