வாக்கு எண்ணும் கருவிக்கு ஊரார் வைக்கும் தேர்வு

2006 நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நாடாளுமன்றக் கீழவைத் தேர்தல் நடந்தது. 13ஆவது தொகுதியில் வெர்ன் புக்கானன் 369 வாக்கு வித்தியாசத்தில் கிறிஸ்டின் ஜென்னிங்ஸை வென்றார். அத்தொகுதிக்குள் வரும் சரசோட்டா கவுன்டியில் மட்டும், வாக்களிக்க வந்தவர்களில் ஏறத்தாழ 18,000 பேர் இந்தப் போட்டியில் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று தொடுதிரை இயந்திரங்கள் காட்டின. காகிதச் சீட்டில் தபால் வாக்கு அளித்தவர்களிடையே அப்படி விட்டுவிட்டவர்கள் மிகக் குறைவு.

மறு எண்ணிக்கை நடந்தது. காகிதமே இல்லாத இயந்திரத்தில் எதை எண்ணுவது? அதே எண்கள்தான் மறுபடியும் வந்தன. பின்னர் நடந்த ஆய்வுகளில் இயந்திரக் கோளாறு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. திரையின் உச்சியில், ஆளுநர் தேர்தலின் பெரிய வண்ணத் தலைப்புக்கு மேலே இந்தப் போட்டி இருந்ததால் பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதினார்கள். காரணம் எதுவானாலும், அந்த 18,000 பேரின் எண்ணத்தை அறிய வழியே இல்லாமல் போயிற்று.

இந்தியாவில் எந்த இயந்திரம் என்பதைத் தேர்தல் ஆணையம் நாடு முழுவதற்கும் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது பெரும்பாலும் கவுன்டி என்னும் உள்ளாட்சி. மாநிலம் அனுமதித்த இயந்திரங்களுக்குள் எதை வாங்குவது என்பதைப் பல மாநிலங்களில் கவுன்டியே தீர்மானிக்கிறது. 2002இல் வந்த சட்டத்தின்படி அமைந்த தேர்தல் உதவி ஆணையம் வாக்கு இயந்திரங்களுக்கான தரவிதிகளை வெளியிடுகிறது. 2021இல் அவை புதுப்பிக்கப்பட்டன. ஆனால் அவை கட்டாயமல்ல. மாநிலச் சட்டம் ஏற்றால்தான் செல்லும். ஆகவே தரம் என்பது பெருமளவு ஊராரின் கண்காணிப்பைப் பொறுத்தது.

சரசோட்டா மக்கள் அதைச் செய்தும் காட்டினார்கள். காகித வாக்குச்சீட்டும் தணிக்கையும் வேண்டும் என்று ஒரு குடிமக்கள் அமைப்பு கையெழுத்து இயக்கம் நடத்தி, கவுன்டியின் சாசனத்தையே திருத்தும் தீர்மானத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. அந்தக் குழப்பம் நடந்த அதே நாளில் அது நிறைவேறியது. மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் பெரும்பாலான வாக்காளர்களுக்குக் காகிதச் சீட்டைக் கொண்டுவந்தது. 2010இல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் சாசனத் திருத்தத்தின் சில பகுதிகளை மாநிலச் சட்டத்துக்கு முரணானவை என்று நீக்கியது. அதற்குள் காகிதம் வந்து சேர்ந்துவிட்டது.

இன்று பரவலாக இருப்பது ஸ்கேனர் வகைக் கருவி. வாக்காளர் சீட்டில் நீள்வட்டத்தைக் கறுப்பாக நிரப்பி உள்ளே விடுகிறார். சீட்டின் ஓரத்தில் அச்சிட்ட கறுப்புக் கட்டங்களை வைத்துக் கருவி இடத்தைக் கணிக்கிறது. ஒவ்வொரு நீள்வட்டத்திலும் எவ்வளவு கறுப்பு என்று அளந்து வாக்கைக் குறித்துக்கொள்கிறது. ஒரே போட்டியில் வரம்புக்கு மேல் நிரப்பியிருந்தால் சீட்டைத் திருப்பித் தரும்படி அமைக்கலாம். எண்ணிய சீட்டு பூட்டிய பெட்டிக்குள் விழுகிறது.

எந்த வட்டம் யாருடையது என்பதைக் கருவி தானாக அறியாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் சீட்டின் அமைப்பை ஒரு கோப்பாக அதில் ஏற்றுகிறார்கள். பிழை நுழையும் வாசல் அதுதான். 2020இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன்ட்ரிம் கவுன்டியில் கடைசி நேரத்தில் சில சீட்டுகள் மாற்றப்பட்டன. எல்லாக் கருவிகளும் அதற்கேற்பப் புதுப்பிக்கப்படவில்லை. முதல் இரவு வெளியான எண்கள் தவறாயின. பிழை திருத்தப்பட்டது. டிசம்பரில் அதிபர் தேர்தல் சீட்டுகளைக் கையால் எண்ணியபோது, திருத்திய கணக்குக்கும் அதற்கும் இடைவெளி 12 வாக்குகளே. காகிதம் இருந்ததால் சந்தேகத்தைத் தீர்க்க முடிந்தது.

இத்தகைய பிழையை முன்கூட்டியே பிடிக்க உதவுவது தேர்தலுக்கு முந்தைய பொதுச் சோதனை. முன்பே குறியிட்ட சீட்டுக் கட்டைக் கருவிக்குள் விடுகிறார்கள். முதல் வேட்பாளருக்கு 1, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 3 என்று வாக்குகள் வேறுபட்டால்தான் இடம் மாறியது தெரியும். எல்லோருக்கும் சமமாக வைத்தால் பிழை ஒளிந்துகொள்ளும். ஃபுளோரிடாவில் இந்தச் சோதனையை அறிவிப்புக் கொடுத்துப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்த வேண்டும். அங்கே போகிறவர் கேட்க வேண்டியது இதைத்தான்: கட்டு எப்படித் தயாரானது? ஒவ்வொரு சீட்டு வகையும் சோதிக்கப்பட்டதா? சோதனைக்குப் பின் ஏதாவது மாறினால் மறுபடி சோதிப்பீர்களா?

தேர்தலுக்குப் பிந்தையது தணிக்கை. கொலராடோ 2017 முதல் மாநிலம் முழுவதும் இதைச் செய்கிறது. பொதுமக்கள் பார்க்கப் பத்து முகப் பகடைகளை உருட்டி 20 இலக்க எண் ஒன்றை உருவாக்குகிறார்கள். அந்த எண்ணிலிருந்து கணினி பொறுக்கும் சீட்டுகளை எடுத்து, கருவியின் பதிவோடு ஒப்பிடுகிறார்கள். வித்தியாசம் குறைவாக உள்ள போட்டியில் அதிகச் சீட்டுகளைப் பார்க்க வேண்டும். எந்தச் சீட்டு சிக்கும் என்பது முன்பே யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் முந்தியது, கவுன்டி மன்றம் கொள்முதலை விவாதிக்கும் கூட்டம். வாக்காளர் பார்த்துச் சரிசெய்யும் காகிதம் உண்டா, எந்தத் தரவிதிப்படி சான்று பெற்றது, கோப்பை ஊழியரே தயாரிப்பாரா, விற்ற நிறுவனமா, வெளி வல்லுநர் கருவியைப் பரிசோதிக்க ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று கேட்க வேண்டும். கேள்வியையும் பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். வாங்கிய கருவி பல தேர்தல்களுக்கு நிற்கும். கையெழுத்தான பின் குறை சொல்வதைவிட அந்தக் கூட்டத்துக்குப் போய் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்திருப்பது மேல்.